ஃப்யூஸ் பெட்டியை எங்கே வைப்பது?

மூணு மாசமா எங்க வீட்டு ஷெட்டில் ஒரு கார் உரிச்ச கோழி மாதிரி நிக்குது. 1959 மாடல் மாரிஸ் மைனர். உள்ளே இருந்த ஒயர் அத்தனையும் உருவியாச்சு. புது ஒயர் சுருள் சுருளா வாங்கி வெச்சாச்சு. ஆனா வேலை நகரலை. காரணம் ஒரே ஒரு கேள்வி: ஃப்யூஸ் பெட்டியை எங்கே மாட்டறது?

இதெல்லாம் ஒரு கேள்வியான்னு சிரிக்காதீங்க. நானும் முதல்ல சிரிச்சேன். "பழைய இடத்துலயே மாட்டிட்டுப் போவியா, அதை விட்டுட்டு..." என்று வீட்டிலும் கேட்டார்கள். பழைய இடம் ஏன் பழைய இடமாச்சு என்று தேட ஆரம்பிச்சதுதான் வம்பு. அது என்னை நூத்தம்பது வருஷம் பின்னாடி கொண்டு போய் விட்டுவிட்டது. போய் வந்த கதையைத்தான் இங்கே எழுதறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க.

முதலில் புகையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

காஞ்சிபுரத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்தக் காரில் போய்க்கொண்டிருந்தேன். வாலாஜாபாத் தாண்டி ஒரு ரயில்வே கேட். கேட் போட்டிருந்தது. பிரேக்கை மிதித்தபடி நிற்கிறேன். அம்மா, "என்னடா, ஏதோ ரப்பர் கருகற வாசனை வருது" என்றார். வெளியே யாரோ குப்பை கொளுத்துறாங்க போல என்றேன். பத்து விநாடி. டேஷ்போர்டுக்குக் கீழே இருந்து வெள்ளையா, கெட்டியா புகை. அம்மாவை இறக்கிவிடறதுக்குள்ள என் உயிர் போய் வந்தது. சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணினதும் புகை குறைஞ்சு, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

பிறகு பார்த்தபோது கதை புரிந்தது. டிக்கியில் ஒரு தகட்டின் ஓரத்தில் உரசி உரசி, பிரேக் விளக்குக்குப் போகும் ஒயரின் தோல் கிழிந்து, செம்பு பாடியைத் தொட்டிருக்கிறது. பிரேக்கை மிதித்தால்தான் அந்த ஒயரில் கரண்ட் போகும். கேட்டில் நான் மிதித்தபடியே நின்றதால் ஷார்ட் ஆகி, ஒயர் முழுக்க அடுப்புக் கம்பி மாதிரி காய்ந்துவிட்டது. சரி, ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போக வேண்டுமே? பானெட்டைத் திறந்து ஃப்யூஸை உருவினேன். கண்ணாடிக் குழாயைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு தாள். சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்குமே, அந்த ஃபாயில். யாரோ எப்போதோ சுற்றி வைத்தது.

யார் சுற்றியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போ வரலாறு.

*

ஃப்யூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்பட்ட ஒரு இடம். அவ்வளவுதான் அதன் தத்துவம். சங்கிலி எங்கே அறுபட வேண்டும் என்று நாமே முடிவு செய்து வைப்பது. இது காருக்காகப் பிறந்த யோசனை இல்லை. 1847-லேயே பிரான்சில் லூயி பிரெகே என்பவர், தந்தி நிலையங்களுக்குள் மின்னல் புகாமல் இருக்க, வெளியே இருந்து வரும் கம்பியில் ஒரு துண்டை மட்டும் மெல்லியதாக வையுங்கள் என்றார். இடி விழுந்தால் அந்த மெல்லிய துண்டு உருகும், உள்ளே இருக்கும் கருவியும் ஆளும் பிழைப்பார்கள். பிறகு எடிசன் மின் விளக்குகளை ஊருக்கே கொடுக்கக் கிளம்பியபோது, 1880-இல் இதே யோசனைக்கு ஒரு காப்புரிமை வாங்கினார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பிரெகே அந்த மெல்லிய கம்பியை எங்கே வைக்கச் சொன்னார் என்பதுதான். கட்டிடத்துக்குள் ஆபத்து நுழையும் வழியில், வாசலில். காவல்காரனை வாசலில்தானே நிறுத்த வேண்டும்? சமையலறையில் நிறுத்தி என்ன பிரயோஜனம்? காரில் ஃப்யூஸ் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்ற என் கேள்விக்கு மொத்த பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு சுத்து.

ஆரம்ப காலக் கார்களில் ஃப்யூஸ் என்ற பேச்சே இல்லை, ஏன்னா மின்சாரமே பெரிசா இல்லை. விளக்குகள் அசிட்டிலீனிலும் மண்ணெண்ணெயிலும் எரிந்தன. ஹாரன் ரப்பர் பந்து. 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் காருக்குள் பெரிய பேட்டரி, டைனமோ, ஒயர் என்று ஒரு குட்டி மின் நிலையமே குடியேறியது. அப்போதும் ஃப்யூஸ் உடனே வந்துவிடவில்லை. ஃபோர்டு மாடல் டி-யை எடுத்துக்கொண்டால், ஃபயர்வாலில் ஒரு டெர்மினல் பலகை இருக்கும், அதில் ஒயர்கள் சந்திக்கும். ஃப்யூஸ் கிடையாது. பலகை வந்த இடத்தைப் பாருங்கள்: ஃபயர்வால். இன்ஜின் அறைக்கும் ஆள் உட்காரும் அறைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு. விளக்கு, டைனமோ எல்லாம் ஒரு பக்கம், ஸ்விட்ச் எல்லாம் இன்னொரு பக்கம். இரண்டும் சந்திக்கும் எல்லைச் சாவடி அதுதான். அந்த இடம் அன்றைக்குப் பிடித்தது, அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் விடவில்லை.

*

இப்போ பர்மிங்ஹாமுக்கு வருவோம். ஏன்னா என் கார் பேசுவது அந்த ஊர் பாஷை.

ஜோசப் லூகாஸ் அந்த ஊரின் ஹாக்லி பகுதியில் தள்ளுவண்டியில் விளக்கெண்ணெய் (நம்ம ஊர் விளக்கெண்ணெய் இல்லைங்க, பாரஃபின்) விற்றவர். அப்புறம் விளக்கே செய்ய ஆரம்பித்தார். கப்பல் விளக்கு, சைக்கிள் விளக்கு என்று வளர்ந்த கம்பெனி 1914-இல் மாரிஸ் கார்களுக்கு மின் சாமான்கள் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. அங்கிருந்து பிரிட்டிஷ் கார் என்றாலே லூகாஸ் என்று ஆனது. 1961-இல் நம்ம சென்னை பாடியில் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து லூகாஸ் டிவிஎஸ் ஆரம்பித்ததும் அந்தக் கிளைதான். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் "லூகாஸ்" ஸ்டாப்பில் இறங்கியிருப்பீர்கள் அல்லது இறங்குபவர்களுக்கு வழி விட்டிருப்பீர்கள்.

லூகாஸை வைத்து ஆங்கிலேயர்கள் அடித்த ஜோக்குக்குக் கணக்கே இல்லை. 'இருட்டின் இளவரசன்' என்றே பட்டப்பெயர். இங்கிலாந்தில் ஏன் பீரைச் சூடாகவே குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜும் லூகாஸாம். சிரிச்சாச்சா? இப்போ நான் கொஞ்சம் லூகாஸ் கட்சி பேசப் போறேன்.

போருக்கு முன்னும் பின்னும் வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் ஃப்யூஸுக்கு என்று தனிப் பெட்டியே இல்லை. எம்ஜி டி வரிசை கார்களில் டைனமோ கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் (நம்ம மெக்கானிக்குகள் பாஷையில் 'கட்டவுட்') பெட்டியிலேயே ஃப்யூஸ்களும் சேர்ந்து இருக்கும். ரெகுலேட்டர் ஃபயர்வாலில் இருந்தது, ஆகவே ஃப்யூஸும் அங்கே. பிறகு ஆர்.பி. 106 என்ற புது ரெகுலேட்டர் வந்தபோது ஃப்யூஸ்கள் பிரிந்து எஸ்.எஃப். 6 என்ற தனிச் சின்னப் பெட்டிக்குப் போயின. தனிக்குடித்தனம் போனாலும் பக்கத்து வீட்டிலேயே வாடகைக்கு எடுத்த மாதிரி, ரெகுலேட்டருக்கு ஒட்டியே அதே ஃபயர்வாலில். என் மைனரிலும் அப்படித்தான்.

அந்த எஸ்.எஃப். 6-ஐத் திறந்தால் ஆச்சரியமாக இருக்கும். மொத்தக் காருக்கும் இரண்டே ஃப்யூஸ். கூடவே இரண்டு உதிரி ஃப்யூஸ் சொருக இடம். ஏ1-க்கும் ஏ2-க்கும் நடுவில் ஒன்று: சாவி போட்டாலும் போடாவிட்டாலும் உயிரோடு இருக்கும் ஹாரன் மாதிரி சமாசாரங்களுக்கு. ஏ3-க்கும் ஏ4-க்கும் நடுவில் இன்னொன்று: சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் வைப்பர், பிரேக் விளக்கு, பெட்ரோல் மீட்டர், அப்புறம் கதவுத் தூணில் இருந்து கை நீட்டுமே, அந்த டிராஃபிகேட்டர், இதற்கெல்லாம். (மைனரில் 1961 வரை அந்தக் 'கை'தான். அதற்கப்புறம்தான் மின்னும் இண்டிகேட்டர்.)

ஒயர் நிறங்களிலும் இதே கணக்குதான். பிரிட்டிஷ் வண்டிகளில் ஊன்றிப்போன வழக்கப்படி பழுப்பு என்றால் பேட்டரியில் இருந்து நேரே, காவல் இல்லாமல். ஊதா என்றால் அதுவே ஃப்யூஸைத் தாண்டி வந்தது. வெள்ளை என்றால் சாவியைத் தாண்டி, ஃப்யூஸ் இல்லாமல். பச்சை என்றால் சாவியையும் தாண்டி, ஃப்யூஸையும் தாண்டி. இதை ஒரு தடவை மனப்பாடம் பண்ணிட்டா பழைய லூகாஸ் ஒயரிங் பாதி புரிந்த மாதிரி.

அப்போ ஹெட்லைட்? இக்னிஷன் காயில்? இவற்றுக்கு ஃப்யூஸே கிடையாது! முதலில் படித்தபோது, என்ன பொறுப்பில்லாத ஆட்கள் என்றுதான் தோன்றியது. யோசித்தால் அதில் ஒரு கருணை இருக்கிறது. ராத்திரி ஐம்பது மைல் வேகத்தில் ஒரு வளைவில் போகும்போது ஒரே ஃப்யூஸ் போய் இரண்டு விளக்கும் அணைந்தால் என்ன ஆகும்? ஒயர் பிழைக்கும். ஆள் பிழைப்பானா? இன்ஜினும் அப்படித்தான்: லெவல் கிராஸிங் நடுவில் நிற்கக் கூடாது. ஒயரைக் காப்பதா, ஓட்டுபவனைக் காப்பதா என்று வந்தபோது அவர்கள் ஓட்டுபவனைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஃப்யூஸ் மட்டும் இருக்கும் ஒரு பெட்டியில் அதுதான் சரியான முடிவு என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கருணைக்கு ஒரு விலை உண்டு. லூகாஸின் 35 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் 35-இல் போகும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, பதினேழரை. ஆனால் அந்த ஃப்யூஸுக்குக் கீழே ஓடும் சாதாரண ஒயர், 0.30 மில்லிமீட்டர் தடிமனில் 14 இழை கொண்டது, தொடர்ந்து தாங்குவது 8.75 ஆம்பியர்தான். ஆக, அரைகுறை ஷார்ட் ஒன்றில் இருபது ஆம்பியர் போனால் ஃப்யூஸ் பேசாமல் இருக்கும், ஒயர் வேகும். ஃப்யூஸ் என்பது விளக்கையோ மோட்டரையோ காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்றத்தான். தன்னைவிட பலவீனமான ஒயருக்கு அது காவலே இல்லை. இதில் ஃபாயில் வேறு சுற்றினால்? காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைத்த கதை.

*

சரி, மற்றவர்கள் எங்கே வைத்தார்கள்?

மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸே 1959-இல் மினியைக் கொண்டு வந்தார். அதிலும் ஃப்யூஸ் பெட்டி பானெட்டுக்குள், பக்கவாட்டுத் தகட்டில். இன்ஜினைக் குறுக்காகத் திருப்பியதில் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லைப் பார்த்து நின்றது. மழை நேராக அதன் முகத்தில் அடித்து வண்டி நின்ற கதைகள் பிரசித்தம். பானெட்டுக்குள் இருப்பது எல்லாமே ஒருநாள் நனையும் என்பதற்கு மினியைவிட நல்ல பாடம் இல்லை.

1961-இல் ஜாகுவார் ஈ-டைப் வந்தது. அதில் டேஷ்போர்டின் நடுப்பலகையில் இரண்டு திருகுகளைக் கையாலேயே கழற்றினால் பலகை அப்படியே கதவு மாதிரி முன்னால் சாயும். பின்னால் வரிசையாக ஃப்யூஸ்கள், எது எதற்கு என்று எழுதியும் இருக்கும். சீட்டில் உட்கார்ந்தபடியே, வேட்டி நனையாமல் மாற்றலாம். படத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்ஜின் பின்னால் இருக்கும் போர்ஷே 911-இல் முன்பக்க டிக்கிக்குள் வைத்தார்கள். இன்ஜின் சூடு இல்லை, திறந்தால் கண் எதிரே. 1976-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123-இல் பானெட்டுக்குள்தான், ஆனால் ஃபயர்வால் ஓரமாக ஒரு மூடி போட்ட பெட்டியில். அதில் இருந்த முனை கூரான ஃப்யூஸ்களில் அலுமினியத்தில் வந்தவை, பிடிக்கும் இடத்தில் பூத்துப்போய்த் தொல்லை கொடுத்தன. செம்பில் வருவதை வாங்கி மாற்றுவது அந்த வண்டி வைத்திருப்பவர்கள் வழக்கம்.

அதே 1976-இல்தான் லிட்டில்ஃப்யூஸ் நிறுவனத்தின் தட்டையான பிளேடு ஃப்யூஸ் வந்தது. இப்போது எல்லாக் காரிலும் இருக்கும் கலர் கலர் பிளாஸ்டிக் ஃப்யூஸ். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் கண்ணாடிக் குழாயை இரண்டு பக்கமும் ஸ்பிரிங் நாக்குகள் பிடித்திருக்கும். அந்தப் பிடி தளர்ந்தால் அங்கேயே சூடாகி, கரண்ட் அதிகமாகாமலே ஃப்யூஸ் உருகும். பிளேடு ஃப்யூஸ் இறுகச் சொருகி நிற்கும். சிறியது என்பதால் இரண்டு ஃப்யூஸ் இருந்த இடத்தில் பத்து வைக்கலாம். பெட்டி சின்னதானதும் அது ஃபயர்வாலை விட்டு எங்கே வேண்டுமானாலும் போக முடிந்தது.

கடைசியில் கார் உலகம் எங்கே வந்து நின்றது? உங்கள் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் பெரிய ஃப்யூஸ்கள் கொண்ட ஒரு பெட்டி. டேஷ்போர்டுக்குக் கீழே இன்னொரு பெட்டி. ஒன்றா இரண்டா என்ற சண்டையில், "இரண்டும்" என்று தீர்ப்பு.

*

இந்தத் தீர்ப்பைப் புரிந்துகொண்டு புதுப்பேட்டையில் எனக்கு ஒயரிங் சொல்லிக்கொடுக்கும் பாயிடம் போனேன். நாற்பது வருஷமா அம்பாசடரும் ஃபியட்டும் பார்த்தவர். (அம்பாசடரும் நம்ம மாரிஸ் குடும்பம்தான். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை, உத்தர்பாராவில் பேர் மாறி 2014 வரை ஓடியது.)

"பாய், ஈ-டைப் மாதிரி உள்ளே வெச்சிடலாம். கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி."

"வெக்கலாம் தம்பி. பேட்டரி எங்க இருக்கு?"

"பானெட்டுக்குள்ள, ஃபயர்வால் தட்டுல."

"அங்கேர்ந்து பொட்டி வரைக்கும் வர்ற ஒயரை யாரு பாத்துக்குவா? ஃபயர்வால் ஓட்டை வழியா வரும். அந்த ஓட்டையில ரப்பர் போயிடுச்சுன்னா?"

நான் பேசாமல் நின்றேன். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் இருக்கும் ஒயருக்குக் காவல் இல்லை. அந்தத் தூரம் கூடக் கூட ஆபத்து. வாலாஜாபாத்தில் நான் தப்பித்ததே, வெந்தது சாவிக்குப் பின்னால் இருந்த ஒயர் என்பதால்தான். சாவியைத் திருப்பினேன், நின்றது. அதுவே பழுப்பு ஒயராக இருந்திருந்தால் சாவியை எத்தனை தடவை திருப்பினாலும் பேட்டரி காலியாகும் வரை எரிந்திருக்கும்.

"அப்போ பழைய இடத்துலயே வெச்சிடலாமா பாய்?"

"அங்க பேட்டரி ஆவி இருக்கு. பித்தளை பச்சை பூத்துடும். பக்கத்துலயே பெட்ரோல் பம்ப் வேற. மழை வேற. உனக்கு வேணும்னா வெச்சுக்க." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். குருமார்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் போல :-)

இதோடு என் வேலை நின்று, மூணு மாசம் ஆச்சு.

*

முடிச்சை அவிழ்த்தது அம்மாதான்.

போன வாரம் ஷெட்டில் சாமான்களை ஒழுங்கு பண்ணும்போது அந்த ஃபாயில் சுற்றிய ஃப்யூஸ் கையில் கிடைத்தது. அம்மாவிடம் காட்டி, "எந்த மடையன் பண்ணின வேலைம்மா இது, அன்னிக்கு நாம ரெண்டு பேரும் எரிஞ்சிருப்போம்" என்றேன்.

அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "உங்கப்பாடா" என்றார்.

1984. எனக்கு நாலு வயசு. ஜுரம் ஏறி, கண் மேலே சொருகி, ராத்திரி ரெண்டு மணி. ஐப்பசி மழை. அப்பா காரை எடுத்திருக்கிறார். பாதி வழியில் வைப்பர் நின்றுவிட்டது. விளக்கு எரிகிறது, இன்ஜின் ஓடுகிறது, ஆனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. (லூகாஸின் கருணை ஞாபகம் இருக்கிறதா? விளக்கும் இன்ஜினும் ஃப்யூஸில் இல்லை. வைப்பர் இருந்தது.) இறங்கி, பானெட்டைத் தூக்கி, அம்மா என்னை ஒரு தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு கையில் குடை பிடிக்க, தீக்குச்சி வெளிச்சத்தில் அப்பா ஃப்யூஸைத் தேடியிருக்கிறார். பெட்டியில் உதிரி ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் இரண்டும் காலி. சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட்.

"மூணு நிமிஷம் ஆச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அதுக்கப்புறம் அதை மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தார். யாரு பானெட்டைத் திறந்து பாக்கறாங்க? வைப்பர்தான் ஓடுதே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. 'மடையன்' என்ற வார்த்தையை வாயில் இருந்து திரும்ப எடுக்க வழி இருந்தால் எடுத்திருப்பேன். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்ததில்தான் எனக்கு அந்த மீதிப் பாதி பதில் கிடைத்தது. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது கரண்ட்டின் சட்டம். ஃப்யூஸ் கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மனுஷனின் சட்டம். மழையில், இருட்டில், தோளில் பிள்ளையோடு நிற்கிறவனுக்குச் சரியான ஃப்யூஸ் கைக்கு எட்டாவிட்டால் அவன் ஃபாயில் சுற்றத்தான் செய்வான். சுற்றியது தப்பே இல்லை. அதைத் திரும்ப எடுக்க யாருக்கும் ஞாபகம் வராத இடத்தில் பெட்டி இருந்ததுதான் தப்பு. பானெட்டுக்குள் ஒளிந்திருந்ததால் அது முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தது.

கார் கம்பெனிகள் ஏன் இரண்டு பெட்டிக்குப் போனார்கள் என்பது அப்போதுதான் எனக்கு நிஜமாகப் புரிந்தது. இரண்டு சட்டம், இரண்டு பெட்டி.

*

ஆகவே, முடிவு இதுதான்.

பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்தில், மூடி போட்ட ஒரே ஒரு பெரிய ஃப்யூஸ், 40 ஆம்பியர். (ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள் மட்டும் இதில் சேராது, அது இழுக்கும் கரண்ட்டுக்கு எந்தச் சாதாரண ஃப்யூஸும் தாங்காது.) அங்கிருந்து உள்ளே வரும் ஒயர் 50 ஆம்பியர் தாங்கும் தடிமன். ஃப்யூஸைவிட ஒயர் பலசாலியாக இருக்க வேண்டுமே! ஃபயர்வால் ஓட்டையில் புது ரப்பர், அதற்குமேல் ஒரு உறை. இனி அந்த ரப்பர் போனாலும் பாய் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது.

என் கார் இன்னும் பாசிட்டிவ் எர்த். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழக்கப்படி பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் இருக்கும். அதனால் பெரிய ஃப்யூஸ் மைனஸ் பக்கம் போகிறது. எர்த் ஆகாத பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் விதி. பழக்க தோஷத்தில் பிளஸ்ஸில் வைத்துவிட்டால் பாடியோடு ஆகும் ஷார்ட்டை அது பார்க்கவே பார்க்காமல் போகலாம்.

உள்ளே, டேஷ்போர்டுக்குக் கீழே பார்சல் ஷெல்ஃபின் அடியில், இடது ஓரமாக, எட்டு பிளேடு ஃப்யூஸ் பெட்டி. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் வைத்தால் அட்டையைக் கழற்ற வேண்டும், ஆகவே வேண்டாம். கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகும் தண்ணீர் இறங்கும் கோட்டில் இருந்து நாலு விரல் தள்ளி. ஒரு மழை நாளில் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து, தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துத்தான் இடம் குறித்தேன். பெட்டிக்கு வரும் ஒவ்வொரு ஒயரும் கீழே தொங்கி, வளைந்து, பிறகு மேலே ஏறும். ஒயர் வழியாக வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

எட்டில் நான்கு ஹெட்லைட்டுக்கு. இடது ஹை, வலது ஹை, இடது டிம், வலது டிம் என்று தனித்தனியாக. ஒன்று போனாலும் இன்னொரு விளக்கு எரியும். லூகாஸ்காரர்கள் இரண்டு ஃப்யூஸை வைத்துக்கொண்டு தீர்க்க முடியாத தர்மசங்கடம் இப்படித் தீர்ந்தது. பழைய 42 வாட் பல்பு ஒன்று மூன்றரை ஆம்பியர்தான் எடுக்கும். அதற்கு ஏழரை ஆம்பியர் ஃப்யூஸ், 8.75 தாங்கும் ஒயர். இப்போது காவல்காரன் ஒயரைவிடச் சின்னவன். கணக்கு சரி. மீதி நான்கில் பார்க்கிங் விளக்குகள் ஒன்று, ஹாரன் ஒன்று, பச்சை ஒயர் கூட்டம் (வைப்பர், பிரேக் விளக்கு, மீட்டர்) ஒன்று, பெட்ரோல் பம்ப் ஒன்று.

பெட்டி மூடியின் உள்பக்கம் எது எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டியாச்சு. அதோடு, ஒவ்வொரு அளவிலும் இரண்டு உதிரி ஃப்யூஸ் அதே மூடிக்குள்.

பழைய எஸ்.எஃப். 6-ஐ என்ன செய்தேன் என்று பழைய கார் ஆர்வலர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அது அதே ஃபயர்வாலில், ரெகுலேட்டருக்குப் பக்கத்தில், அதே திருகுகளில் இருக்கும். ஒயர் எதுவும் இல்லாமல், சும்மா. பானெட்டைத் திறந்து பார்ப்பவர்களுக்கு 1959 அப்படியே தெரியட்டும்.

அதில் ஏ3-க்கும் ஏ4-க்கும் நடுவில், அந்த ஃபாயில் சுற்றிய ஃப்யூஸைத் திரும்ப மாட்டி வைத்திருக்கிறேன். கரண்ட் வராத இடத்தில் அது யாரையும் ஒன்றும் செய்யாது. நேத்து மாட்டும்போது பாய் பார்த்தார். "இது எதுக்கு தம்பி?" என்றார். "அப்பா போட்டது பாய்" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நான் லூசா விட்டிருந்த திருகை ஒரு சுற்று இறுக்கிவிட்டு, "சரி, ஹெட்லைட் ஒயரை எடு" என்றார்.